படகு இல்லாத படகு வீடு

'ஏரியோரப் படகு வீடு, தூண்டில் வசதி உண்டு, ஒரு இரவுக்கு 3,500 ரூபாய்.' விளம்பரத்தில் இவ்வளவுதான் இருந்தது. ஆலப்புழை நினைப்பில் இரண்டு இரவுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிவிட்டேன். கொடைக்கானலில் படகு வீடு என்றால் படகுத்துறைதான், தங்கும் படகெல்லாம் அந்த ஏரியில் கிடையாது என்பது பெரியகுளத்துக்காரனான எனக்கே உறைக்கவில்லை. மொத்தமே 60 ஏக்கர் ஏரி. சுற்றி நடந்தால் அஞ்சு கிலோமீட்டர்.

போய் இறங்கினால் தகரக்கூரை போட்ட மாடி அறை. படகும் இருந்தது, தோட்டத்தில். விரிசல் விட்ட பழைய துடுப்புப் படகில் மண்ணை நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். என் மாமனார் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இதுல ஏறி உக்காரணுமா, தண்ணி ஊத்தணுமா?" என்றார்.

அறை பரவாயில்லை. கம்பளி சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும். ஏரி தெரிய வேண்டுமென்றால் ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டவைத்து இடதுபக்கம் பார்க்க வேண்டும்.

தூண்டில் வசதிதான் கொடுமை. இரண்டு கொடுத்தார்கள். ஒன்றில் ரீல் சுற்றவில்லை. இன்னொன்றில் முள் துருவேறி, தங்கூசி நரம்பு சிக்குவிழுந்து கிடந்தது. நல்லவேளை, மாமா வைகை அணையில் ஜிலேபி மீனும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். புது முள், ஈயக்குண்டு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. அந்தத் தண்டின் நுனியில் நகப்பூச்சுச் சிவப்பு. என் மாமியாருடையதாம்.

ஏரியில் தூண்டில் போட மீன்வளத்துறை அனுமதி வாங்க வேண்டும். இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அலைந்து திரிந்திருப்போம், அங்கே காவலுக்கு இருந்த அண்ணன்தான் கூடவே வந்து வாங்கிக் கொடுத்தார். நான் கொடுத்த பணத்துக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த மனுஷன் ஒருத்தர்தான். மைதாவில் கடலைப்பிண்ணாக்கும் துளி பெருங்காயமும் சேர்த்து உருட்டச் சொன்னதும் அவரே. மாமா அணைப் பழக்கத்தில் அஞ்சரை மணிக்கே மங்கி குல்லாவோடு கிளம்ப, "பத்து மணிக்குப் போங்கய்யா, தண்ணி இப்போ ஐஸு, கெண்டை வாயே திறக்காது" என்றார். மாமா கேட்கவில்லை. நாலு மணி நேரம் பனிமூட்டத்தில் தக்கையும் தெரியவில்லை, ஒன்றும் கடிக்கவுமில்லை.

வெயில் ஏறிய பிறகு தக்கை லேசாகச் சாய்ந்தது. முங்கவில்லை, சும்மா படுத்துக்கொண்டது. கெண்டை அடியில் மேய்ந்து இரையைத் தூக்கினால் இப்படித்தான் படுக்குமாம். மாமா மூச்சுவிடாமல் மூன்று எண்ணிச் சுண்டினார். முக்கால் கிலோ இருக்கும், பொன்னிறக் கெண்டை. ஏரியை உருவாக்கிய லெவிஞ்சு துரை 1863-இல் எவ்வளவு சந்தோஷப்பட்டாரோ தெரியாது, மாமா அதைவிட அதிகம்.

மிளகு அரைக்கச் சொல்லி வாளியோடு வந்து நின்ற மாமாவிடம் காவல்கார அண்ணன், "நான் ஏரி மீன் சாப்பிடறதில்லைங்க" என்றார். கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீனிலும் இருப்பதாக ஆய்வில் வந்தது பழைய செய்தி. எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சமைக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. மீன் அன்றிரவு குளியலறை வாளியிலேயே கிடந்தது. ஒரு மணி நேர வெந்நீரைப் பிடிக்க வேறு வாளி இல்லாததால் மறுநாள் யாருமே குளிக்கவில்லை.

போகிறவர்கள் தூண்டிலும் கூடுதலாக ஒரு வாளியும் கொண்டுபோங்கள். 3,500 அதிகம், 2,000 என்றால் நானே மறுபடி போவேன். கிளம்பும்போது மாமா வாளியோடு ஏரிக்கு நடந்தார். திரும்பி வந்து, "நீந்திப் போயிருச்சு மாப்ள" என்றார். தக்கையைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.