நான்கு வண்ண மைகள், ஒரே நிப்

பாட்டிலில் தெரியும் நிறத்தை நம்பி ஊற்றுப்பேனா மை வாங்காதீர்கள். பஞ்சுக் குச்சியில் தோய்த்துத் தீட்டிய மாதிரியையும் முழுசாக நம்ப வேண்டாம். தீட்டும்போது மை அதிகமாக இறங்கும். நிப் போடுவது மெல்லிய கோடு. அதனால் நான்கு மைகளையும் ஒரே மீடியம் நிப்பில், ஒரே நோட்டில், அதே பத்தியை எழுதித்தான் ஒப்பிட்டேன். ஒரு மை முடிந்ததும் நிப்பையும், பேனாவுக்குள் மை நிரப்பும் குழாயான கன்வர்ட்டரையும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிவிட்டுத்தான் அடுத்தது.

ஜே. ஹெர்பினின் எமரால்ட் ஆஃப் சிவோர் பார்க்க அள்ளுகிறது. நீலம் கலந்த பச்சை, அதில் தங்கத் துகள்கள், கோடு காய்ந்ததும் ஓரத்தில் சிவப்புப் பளபளப்பு. ஆனால் துகள்கள் அடியில் தங்கிவிடும். பாட்டிலைக் குலுக்க வேண்டும், எழுதும் முன் பேனாவையும் லேசாக உருட்ட வேண்டும். சாதாரண நகல் தாள் மையைக் குடித்துவிடுவதால் அந்தச் சிவப்பு மேலே நிற்பதில்லை. டோமோயே ரிவர் போன்ற, மையை எளிதில் உறிஞ்சாத தாள் வேண்டும். வாழ்த்து மடல் எழுத அருமை. அவசரக் குறிப்புக்கு வேண்டாம்.

பைலட் இரோஷிசுகு வரிசையின் கோன்-பெகி நல்ல வெயில் நாளின் வான நீலம். நிப் தாளில் தடையில்லாமல் ஓடுகிறது. 50 மில்லி பாட்டிலின் அடியில் ஒரு சின்னக் குழி உண்டு, கடைசி மை அதில் சேர்ந்து நிற்கும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் ரோரர் அண்டு கிளிங்னரின் ஸ்கேபியோசா. இது இரும்புச் சத்துள்ள மை. எழுதும்போது வெளிறிய ஊதா, காற்றுப் பட்டதும் சாம்பல் கலந்து கறுக்கிறது. காய்ந்த வரிகளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கோன்-பெகி கரைந்து ஓடுகிறது, சாய மைகளின் இயல்பு அது. ஸ்கேபியோசாவில் எழுத்து படிக்கும்படி நிற்கிறது. உறை மேல் முகவரி எழுத இதைத்தான் எடுப்பேன். ஒன்று, இந்த வகை மையைப் பேனாவிலேயே காயவிடக் கூடாது.

என் மனசு நின்றது டயமைன் ஆக்ஸ்பிளட்டில். உறைந்த ரத்தத்தின் சிவப்பு. சிவப்பு மையில் ஒரு பக்கம் முழுக்க எழுதினால் பொதுவாகக் கண் கூசும், இதில் கூசவில்லை. தமிழ் எழுத்துக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. 'ண' எழுதிப் பாருங்கள். சுழிகளில் கோடு கோட்டைக் கடக்கும் இடமெல்லாம் பழுப்பாக இருள்கிறது, கடைசியில் இறங்கும் கோடு மட்டும் தெளிந்த சிவப்பு. மெய்யெழுத்தின் புள்ளி ஏறக்குறைய கறுப்பாகவே உட்காருகிறது. ஒரே எழுத்துக்குள் இத்தனை நிறம் மற்ற மூன்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் பட்டால் இதுவும் கரையும்தான், பரவாயில்லை. 30 மில்லி சின்ன பாட்டிலும் வருகிறது, முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.