கங்காருவா, பாண்டாவா, ஸ்பிரிங்பாக் மானா?

விலங்கு பொறித்த தங்க நாணயம் சேர்க்க நினைப்பவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: இதில் படம் வருடா வருடம் மாறுமா? மாறாது என்றால் ஒன்று போதும். இரண்டாவதாக வாங்குவது வெறும் தங்கச் சேமிப்புதான்.

படம் மாறாததற்கு நல்ல உதாரணம் தென்னாப்பிரிக்காவின் குரூகர்ராண்ட். 1967-இல் வந்தது. ஒரு பக்கம் அங்கே டிரான்ஸ்வால் குடியரசின் அதிபராக இருந்த பால் குரூகரின் முகம், மறுபக்கம் ஸ்பிரிங்பாக் மான். சிற்பி கோர்ட் ஸ்டெய்ன்பெர்க் வரைந்த அதே மான்தான் இன்றும் அதில் நடந்துகொண்டிருக்கிறது. வருடம் மட்டும் மாறும். இது 22 காரட், அதாவது நம் நகைக்கடைகளில் சொல்லும் 916. உள்ளே ஒரு அவுன்ஸ், 31.1 கிராம் சுத்தத் தங்கம். மீதி செம்பு. அதனால் மொத்த எடை 33.93 கிராம். 24 காரட் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இதன் செம்பு நிறம் சட்டென்று தெரியும். அந்தச் செம்பால்தான் இது கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கிறது. கையில் எடுத்துப் புரட்டினால் எளிதில் கீறல் விழாது. இதில் முகமதிப்பே, அதாவது இத்தனை பணம் என்ற எண்ணே, பொறிக்கப்பட்டிருக்காது என்பது இன்னொரு வேடிக்கை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து 1985-இல் அமெரிக்கா இதன் இறக்குமதியைத் தடை செய்தது. போட்டி நாணயங்கள் வேர்விட்டதும் அந்தப் பத்தாண்டில்தான்.

அப்படி வந்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவுடையது. 1986-இல் பெர்த் நாணயச்சாலை இதை வெளியிட்டபோது கங்காருவே கிடையாது. அந்நாட்டில் கிடைத்த பெரிய தங்கக் கட்டிகளின் படங்கள்தான் இருந்தன. 1989-இல் கங்காரு வந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு படம். சுத்தம் ஆயிரத்துக்கு 999.9, ஒரு அவுன்ஸ் நாணயத்தின் முகமதிப்பு 100 டாலர். மறுபக்கம் முன்பு எலிசபெத் ராணி, இப்போது சார்ல்ஸ் மன்னர். ஒரு அவுன்ஸ் நாணயம் தனித்தனிப் பிளாஸ்டிக் கூட்டில் வருவது பெரிய சௌகரியம். 24 காரட் மென்மையானது, விரல் ரேகை பட்டால்கூட உறுத்தும். குறை என்றால், படங்கள் அழகாக இருந்தாலும் பழைய வருட நாணயங்கள் பெரும்பாலும் தங்க விலையை ஒட்டியே விற்கின்றன. சேர்ப்பவருக்கு இது லாபம்தான், பழையதை மலிவாக வாங்கலாமே!

பாண்டா விஷயம் வேறு. சீனா இதை 1982-இல் தொடங்கியது. ஒரு பக்கம் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில், மறுபக்கம் பாண்டா. கருப்பு வெள்ளை விலங்கை ஒரே நிறமுள்ள தங்கத்தில் எப்படிக் காட்டுவது? சில இடங்களைக் கண்ணாடிபோல் மினுக்கி, சில இடங்களைப் பனி படிந்த மாதிரி மங்கலாக விட்டு வேறுபடுத்துகிறார்கள். சாய்த்துப் பிடித்தால் காதும் கண்வளையமும் தனியே எழுந்து தெரியும். மற்ற இரண்டிலும் இந்த வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

2002-இல் முந்தைய வருடத்துப் படத்தையே திரும்பப் போட்டார்கள். சேர்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள், 2003-இல் மறுபடி படம் மாறியது. 2016-இல் அவுன்ஸை விட்டுக் கிராமுக்கு வந்தார்கள்: 30, 15, 8, 3, 1. அந்த 8 கிராம் நம் கணக்கில் அச்சாக ஒரு பவுன்! ஆனால் பழைய அவுன்ஸ் நாணயங்களோடு சேர்த்து அடுக்குபவருக்கு வரிசை கொஞ்சம் உதைக்கும்.

பழைய பாண்டாக்களுக்குத் தங்க விலைக்கு மேல் நல்ல மதிப்பு உண்டு, அதுவும் நாணயச்சாலையின் ஒட்டிய உறை பிரிக்காமல் இருந்தால். சிக்கலும் அங்கேதான். பாண்டாவில் போலிகள் அதிகம். வருடத்துக்கொரு படம் என்பதால், எது சரியான பாண்டா என்று வாங்குபவருக்கு மனப்பாடமாக இருக்காது. குரூகர்ராண்டில் அந்தத் தொல்லை குறைவு. எடையும் குறுக்களவும் பழகிய வியாபாரிக்கு விரல் நுனியில் இருக்கும்.

அமெரிக்காவின் பஃபலோ 2006-இல் வந்தது, அதுவும் 999.9. அதிலிருக்கும் காட்டெருது 1913-ஆம் ஆண்டின் ஐந்து சென்ட் நாணயத்திலிருந்து எடுத்தது. கம்பீரமானது, ஆனால் படம் மாறாது, ஒன்று போதும்.

அப்புறம், நகைக்குச் செய்கூலி சேதாரம் போல, நாணயத்துக்கும் தங்க மதிப்புக்கு மேல் ஒரு தொகை உண்டு. நாணயம் சிறிதாகச் சிறிதாக, விகிதத்தில் அது கூடிக்கொண்டே போகும். பத்தில் ஒரு அவுன்ஸாகப் பத்து வாங்குவதைவிட ஒரு அவுன்ஸாக ஒன்று வாங்குவது மலிவு.

நான் தொடங்குவதாக இருந்தால் கங்காருவை வரிசையாகச் சேர்ப்பேன், பழைய வருடங்களிலிருந்து. உறை பிரிக்காத 8 கிராம் பாண்டா ஒன்றிரண்டு, அதுவும் தெரிந்த வியாபாரியிடம் மட்டும். குரூகர்ராண்ட் ஒன்றே ஒன்று, கூட்டில் போடாமல், எடுத்து எடுத்துப் பார்க்க.