வேடந்தாங்கல் கரையில் தொலைநோக்கியோடு நின்றவர்

ஜனவரி விடுமுறையில் இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்தபோது, ஒரு மாலையில் வேடந்தாங்கல் போயிருந்தோம். சீட்டு வாங்கியதிலும் வண்டி நிறுத்தியதிலும் சொல்ல எதுவுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஏரிக்கரையில் நடந்ததுதான்.

வெயில் தாழ்ந்ததும் கரையில் கூட்டம் சேர்ந்தது. கைப்பேசியில் பாட்டை அலறவிட்டபடி ஓர் இளைஞர் குழு வந்தது. பறவைகள் எழும்பினால் படம் எடுக்கலாம் என்று அவர்களில் ஒருவர் ஓங்கிக் கைதட்டினார். குஞ்சுகள் இருக்கும் கூடுகளுக்கு எதிரே நின்று இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறது என்று எனக்குக் கொதித்தது. இங்கிலாந்தில், பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிலுக்குள் இருமுவதற்குக்கூடத் தயங்குவோம்.

பறவை பார்க்கும் கோபுரத்தருகே தொலைநோக்கியோடு நின்றிருந்த முதிய காவலர் அவர்களை அதட்டவில்லை. "தம்பி, இங்க வாங்க, இதப் பாருங்க" என்று அழைத்து, நீர்க்கடம்பு மரமொன்றில் அடைந்திருந்த நத்தைகுத்தி நாரைகளைக் காட்டினார். வளர்ந்த நாரை அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் என்றும், அந்த இடைவெளி இல்லாமல் அலகு நேராக இருந்தால் அது இளம்பறவை என்றும் விளக்கினார். பாட்டு தானாக நின்றது. கைதட்டிய இளைஞரே, எது குஞ்சு, எது பெரியது என்று நண்பர்களோடு வாதிடத் தொடங்கினார்.

பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் இங்கு வந்தபோது கண்ணில் பட்டதெல்லாம் கொக்குதான். இப்படிச் சொல்லித்தர அன்று எவரும் இல்லை. நான் வாழும் நாட்டின் சரணாலயங்களில் வரைபடமும் விளக்கப் பலகையும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் இளைஞர் குழு ஒன்றின் மனத்தை ஐந்து நிமிடத்தில் மாற்றிய பலகை எதையும் நான் அங்கே கண்டதில்லை.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் இவ்வூரார் தலைமுறைகளாக அவற்றைக் காத்து வருகிறார்கள். 1798-லேயே ஆட்சியரிடம் அதற்கான உரிமையையும் பெற்றார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இந்தச் சிறிய ஏரியில், கரையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் காவலரைப் போன்ற ஒருவர் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். அரிவாள் மூக்கன்களும் கூழைக்கடாக்களும் திரும்பி வரும் அதே வேளையில்தான் இரவில் இரை தேடும் கொக்கினமான வக்காக்கள் கிளம்பும். எது எந்த மரத்தில் அடைகிறது என்று காவலர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.