இர்னா பிலிப்ஸா, அக்னஸ் நிக்சனா?

அமெரிக்க நெடுந்தொடர் எழுத்தில் இரண்டு வழிகள் இவை. 1930-இல் சிகாகோ வானொலியில் தொடங்கிய இர்னா, எல்லாப் பாத்திரங்களாகவும் தானே மாறி மாறிப் பேசுவார். உதவியாளர் தட்டச்சு செய்வார். வசனம் வாயிலிருந்தே பிறந்தது. தினமும் பக்கம் நிரப்ப இதைவிட வேகமான வழி ஏது?

அவரிடமே தொழில் பழகிய அக்னஸ், 1962-இல் ‘கைடிங் லைட்’ என்ற நெடுந்தொடரின் கதைக்குள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். ‘புற்றுநோய்’, ‘கருப்பை’ என்ற சொற்களே வரக்கூடாது என்று நிபந்தனை (அப்புறம் எதைத்தான் எழுதுவது!). சரி என்று, அவை இல்லாமலே எழுதி முடித்தார்.

வேகத்துக்கு இர்னா. ஆனால் எனக்கென்னவோ அக்னஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. 1968-இலும் 1970-இலும் சொந்தமாகத் தொடர்களை உருவாக்கியபோதும் சமூகப் பிரச்சினைகளை அவர் விடவில்லை.