மாமியின் சலக்கடுப்பும் பெயரில்லாத காகித உறையும்

இந்த முறை திருகோணமலைக்குப் போய் கோணேசர் கோயிலிலும் நிலாவெளிக் கடற்கரையிலும் நின்ற நேரத்தைவிட மாமியோடு மருந்துக்கு அலைந்த நேரம்தான் கூட. லண்டனில் இருந்து வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மூட்டுவாதத்துக்கு பிரெட்னிசொலோன் போடுறவ, சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட். இரவில் சலக்கடுப்பு தொடங்க, விடிந்ததும் மச்சான் ஒரு பாமசிக்குப் போய், டொக்டரின் துண்டு எதுவும் இல்லாமலே, "அம்மாவுக்குச் சலம் எரியுதாம்" என்று சொல்லிக் குளிசை வாங்கி வந்துவிட்டார். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே "காலை 1 இரவு 1" என்று பேனையால் கிறுக்கியிருந்தார்கள். மருந்தின் பெயரை எழுதவில்லை. வெட்டின இடத்தில் பெயரின் முன்பாதி போய் "ஃப்ளொக்சசின்" மட்டும் மிஞ்சியிருந்தது. விசாரித்தால் சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக். மாமி அதைப் பால்தேத்தண்ணியோடு விழுங்கத் தயாராக இருந்தா! பால், கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவு மருந்து எதுவும் கூடப் போனால் சிப்ரோ உடம்பில் சரியாகச் சேராது, அது வேறு கதை.

துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது இலங்கையிலும் சட்டம்தான். எனக்கு அதைவிடக் கோபம், வேறு என்ன குளிசை போடுறவ என்று ஒருவரும் கேட்காததில். "ஃப்ளொக்சசின்" என்று பெயர் முடிகிற இந்த வகை மருந்துகள் தசைநாணை, முக்கியமாகக் குதிக்காலுக்கு மேலே இருப்பதை, வீங்கவோ அறுந்துபோகவோ செய்யலாம் என்று அமெரிக்காவில் 2008இலேயே மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி எச்சரித்துவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேலே என்றால் ஆபத்து கூட, பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொயிட்டும் சேர்ந்தால் இன்னும் கூட. கிளிக்லசைட் போடுறவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கவும் பார்க்கும். கை கால் விறைப்பு, தூக்கமின்மை, மனக்குழப்பம், அரிதாக மகாதமனி (இதயத்தில் இருந்து வரும் பெரிய இரத்தக் குழாய்) கிழிவது என்று பட்டியல் நீளம், சில பாதிப்பு மாதக்கணக்கில் நிற்கும். பிரித்தானியாவில் 2024 ஜனவரியில் இருந்து, வழமையான வேறு அன்டிபயோட்டிக் சரிவராத இடத்தில் மட்டும்தான் இதைக் கொடுக்கலாம் என்று இறுக்கிவிட்டார்கள்.

சரி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையைப் பார்த்து மச்சான் முணுமுணுத்தார், ஆனால் உள்ளே இருந்த இளம் டொக்டர், மாமியின் வருத்தமும் மருந்தும் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து புரட்டினா. "அம்மா, காய்ச்சல், நடுக்கம், இடுப்பு நோ ஏதும் இருக்கா?" என்று கேட்டா, மாமி இல்லை என்றா. சலத்தைக் கல்ச்சருக்கு (என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு) எடுத்து, சிறுநீரகம் எப்படி என்று இரத்தத்தில் பார்த்த பிறகுதான் நைட்ரோஃபுரன்டொயின் என்ற வேறு அன்டிபயோட்டிக்கை எழுதினா. சலம் மண்ணிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னா. சொல்லாவிட்டால் மாமி அன்றிரவே இன்னொரு ஆட்டோவில் ஏறியிருப்பா. காசு ஒரு சதமும் இல்லை.

சிப்ரோவே கூடாது என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். கிருமி சிறுநீரகம் வரை ஏறினால், புரொஸ்டேட்டில் பிடித்தால், அது உயிர் காக்கிற மருந்து, டொக்டர் தெரிந்து தந்தால் போடத்தான் வேண்டும். போடும்போது குதிக்கால் நொந்தால் அடுத்த குளிசை வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள். தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் இது எதற்கு? அதுவும் இழுபடுகிற இருமலுக்கு இதே வகையான லெவோஃப்ளொக்சசினைக் கொடுத்தால் காசநோய் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிக்கப் பிந்திவிடும்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள், பாமசியில் உறைமேல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். சலத்தை முதல் குளிசைக்கு முன்னமே கொடுத்துவிடுங்கள், போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலே நிற்க வேண்டிவரும்.