ஆரஞ்சு வயர் இல்லாத கேபிள்

செத்துப்போச்சு என்று நான்கு நாளாக நான் நினைத்திருந்த புது ஹார்டு டிஸ்க், 140 ரூபாய் கேபிள் ஒன்றை நடுவில் மாட்டியதும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதனால் டிஸ்கோடு அந்தக் கேபிளைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

என்னுடையது பழைய கம்ப்யூட்டர். கோர் 2 டுவோ, ஜி41 போர்டு, விண்டோஸ் 7. அதை விட முடியாததற்குக் காரணம் உள்ளே பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் இருக்கும் சவுண்ட் கார்டு. இப்போது கடையில் கிடைக்கும் போர்டுகளில் அந்த ஸ்லாட்டைப் பார்ப்பதே அரிது. பெரியப்பா தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கோயில் திருவிழாக்களில் உட்கார்ந்து பதிவு செய்த நாதஸ்வரக் கேசட்டுகள் 900 என்னிடம் இருக்கின்றன. அந்த கார்டு வழியாகத்தான் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே போகும். ஒரு 90 நிமிடக் கேசட்டுக்கு 3 ஜிபி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் 2.8 டிபி வருகிறது. பழைய 500 ஜிபி டிஸ்க் எப்போதோ நிரம்பிவிட்டது.

அதனால் 4 டிபியில், டேட்டா சென்டருக்கென்று செய்யப்படும் வகையாகப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். 5 வருட வாரண்டி. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன, சிலவற்றை இன்னொரு முறை ஓட்ட முடியாது. பதிந்தது தங்க வேண்டும் என்பதால் விலை கூடினாலும் இதுதான் என்று முடிவு செய்தேன்.

மாட்டினேன். பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்புவதற்கு முன் வரும் அடிப்படை செட்டிங் திரையில், அந்தப் போர்ட்டுக்கு நேரே ஒன்றும் இல்லை. டேட்டா கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பயாஸ் செட்டிங்கை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன். அதே கேபிள்களில் பழைய டிஸ்கை மாட்டினால் உடனே தெரிகிறது. புது டிஸ்கின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. இந்த இடத்தில்தான் நான் யோசித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரியாத டிஸ்க் என்றாலும் மின்சாரம் வந்தால் சுற்றும். சுற்றவே இல்லையென்றால் பார்க்க வேண்டியது பவர் பக்கம்.

விற்றவர்களை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள், மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் என்ன கம்ப்யூட்டர், என்ன பவர் சப்ளை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதே மாடலில் இன்னொன்று வந்திருந்தால் அதுவும் இப்படியேதான் கிடந்திருக்கும்.

திருப்பி அனுப்புவதற்கு முன்னால், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் சின்ன சர்வீஸ் கடை ஒன்றுக்கு கம்ப்யூட்டரையும் டிஸ்கையும் தூக்கிக்கொண்டு போனேன். கடைத் தம்பி டிஸ்கை முதலில், வெளியில் வைத்தே யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு டாக்கில் செருகினார். உறுமிக்கொண்டு எழுந்தது. அப்புறம் என் கேபினெட்டைத் திறந்து பவர் கேபிளின் வயர்களை எண்ணினார்.

"அண்ணே, டிஸ்க் நல்லா இருக்கு. உங்க பவர் சப்ளையும் நல்லா இருக்கு. இந்த ஆரஞ்சு வயர்தான் டிஸ்கை எழுந்திருக்க விடல."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஹார்டு டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள். முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கானவை, ஆரஞ்சு வயரில் வருவது அதுதான். சாதாரண ஹார்டு டிஸ்குகள் 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் ஓடுவதால், மூன்றாவது பின்னில் மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றுதான். 2016இல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில் அந்த மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அதில் மின்சாரம் இருக்கும்வரை டிஸ்க் அணைந்தே இருக்கும். ஆயிரக்கணக்கான டிஸ்குகள் ஓடும் இடத்தில் ஒன்று சிக்கிக்கொண்டால், யாரும் போய்ப் பிடுங்காமல் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்புவதற்கான வசதி. என் பவர் சப்ளையோ அந்தப் பின்னுக்கு விடாமல் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வழக்கப்படி அது சரி, புது டிஸ்குக்கு அது 'அணைந்திரு' என்ற உத்தரவு.

தீர்வு, பவர் சப்ளையின் மோலெக்ஸ் என்ற பழைய வகை முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றித் தரும் மோலெக்ஸ்–சாட்டா கேபிள். பழைய நாலு பின் மோலெக்ஸில் மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு, அவ்வளவுதான். ஆரஞ்சு கிடையாது, அதனால் மூன்றாவது பின்னுக்கு ஒன்றும் போகாது. மூன்றாவது பின்னின் மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டியும் சரிசெய்யலாம். ஆனால் பின்களுக்கு நடுவே இடைவெளி 1.27 மில்லிமீட்டர்தான், டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது டேப் நகர்ந்துவிடும் என்று தம்பி வேண்டாம் என்றார்.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் சாட்டா முனை முழுவதும் வயரோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்டிருக்கும். உள்ளே வயர்கள் நெருங்கி உட்கார்ந்துவிட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இன்னொன்றில் முனையின் பின்பக்கம் மூடி இருக்கும், அதைத் திறந்தால் ஒவ்வொரு வயரும் தனித்தனியாக அழுத்திப் பொருத்தியிருப்பது தெரியும். இந்த இரண்டாவது வகையை மட்டும் வாங்குங்கள். தம்பி எனக்குக் கொடுத்தது அதுதான், மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மாட்டினார். பார்த்ததற்கு 200 ரூபாய் வாங்கினார். மனதார கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சின்னத் தடங்கல். பயாஸில் டிஸ்க் தெரிகிறது, விண்டோஸில் டிரைவ் எழுத்து வரவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய்ப் புது டிஸ்கைத் தயார்செய்ய வேண்டும், டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்ற கணக்கை எந்த முறையில் எழுத, பழைய எம்பிஆரா புது ஜிபிடியா என்று அங்கே கேட்கும். நான் அவசரத்தில் எம்பிஆர் கொடுத்துவிட்டேன். 2048 ஜிபி ஒரு துண்டாகவும், 1678 ஜிபி தொட முடியாத துண்டாகவும் நின்றது. எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எண்ணாது. டிஸ்க் காலியாக இருந்ததால் ஜிபிடிக்கு மாற்றினேன், 3726 ஜிபியும் (விண்டோஸ் கணக்கில் 4 டிபி என்பது இவ்வளவுதான்) ஒன்றாக வந்தது. பழைய பயாஸில் ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸைக் கிளப்ப முடியாது, ஆனால் ஃபைல் வைக்க ஒரு தடையும் இல்லை. வாங்கும்போது, கம்ப்யூட்டருக்குத் தன்னைப் பழையபடி 512 பைட் துண்டுகளாகக் காட்டும் 512இ வகையா என்றும் பாருங்கள். 4 கேபி துண்டுகளாக மட்டும் காட்டும் 4கேஎன் என்று போட்டிருந்தால் விண்டோஸ் 7 அதை ஏற்காது.

மூன்று வாரமாக டிஸ்க் ஓடுகிறது. 7200 ஆர்பிஎம், பழையதைவிடச் சத்தம் அதிகம், எழுதும்போது கடகடவென்று கேட்கிறது. என் பதிவு நேராக வயர் வழியாக வருவதால் அது எனக்குப் பிரச்சினை இல்லை. படுக்கையறையில் வைப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும். சூடும் கொஞ்சம் அதிகம், முன்னால் ஒரு ஃபேன் போட்டேன். வேகத்தில் குறை ஒன்றும் இல்லை.

டிஸ்குக்கு நாலரை நட்சத்திரம், கேபிளுக்கு ஐந்து. விற்ற பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே டிஸ்கை, தூரத்திலிருந்து அணைக்கும் இந்த வசதியோடும் இல்லாமலும் இரண்டு மாடலாகச் செய்கிறார்கள். எது எந்த மாடல் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். நல்ல டிஸ்கைக் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எத்தனை பேரோ.

நேற்று நாதஸ்வர வித்வான் சின்ன மௌலானா சாகிப் கேசட் ஒன்று ஏறியது. இரண்டாவது பிரதிக்காக இதே டிஸ்கில் இன்னொன்று வாங்கப் போகிறேன். கேபிளை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன்.