வேபேக் மெஷின்: இதழியல் துறை நூலகராக நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பல்கலைக்கழக நூலகத்தில் இதழியல், ஊடகவியல் துறைகளுக்குப் பொறுப்பான நூலகராகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறேன். இந்தக் காலத்தில் துறைக்காகச் சந்தா கட்டிய கருவிகள் பல. பெயர் மாறியவையும் உண்டு, நின்றே போனவையும் உண்டு. சமூக ஊடக ஆய்வுக்குப் பலரும் நம்பியிருந்த கிரவுட்டேங்கிளை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடியது. சந்தா எதுவும் இல்லாமல் அநேகமாக நாள்தோறும் நான் திறப்பது வேபேக் மெஷின் ஒன்றைத்தான். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, 2001இல் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் சேவை என்ற அளவில் இதை எல்லோரும் அறிவார்கள். ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சான்றாக இதை எதுவரை வைக்கலாம் என்ற கேள்விக்கு, நீண்ட பயன்பாட்டில் நான் கண்டறிந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊடக ஆய்வாளரின் தேவை என்ன என்று சொல்லிவிட வேண்டும். வரலாற்று மாணவருக்குச் செய்தி போதும். ஊடகவியல் மாணவருக்கோ அந்தச் செய்தி எந்த இடத்தில், எந்தத் தலைப்பில், எந்தப் படத்தோடு, எதற்கு மேலே வைக்கப்பட்டது என்பதே ஆய்வுப் பொருள். நெக்சிஸ், ஃபேக்டிவா போன்ற முழுவாசகத் தரவுத்தளங்கள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் பக்க அமைப்பும் விளம்பரமும் படமும் உரிக்கப்பட்ட வெறும் வாசகம். அந்த வாசகமும் முழுமையானது என்று சொல்வதற்கில்லை. தனித்து எழுதுவோரின் கட்டுரைகளை அவர்களுடைய இசைவின்றி மின்தரவுத்தளங்களில் சேர்த்தது பதிப்புரிமை மீறல் என்று 2001இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் டசினி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அத்தகைய கட்டுரைகளைப் பதிப்பாளர்கள் தரவுத்தளங்களிலிருந்து நீக்கினார்கள். அந்தக் காலத்து இதழ்களைச் சொல் எண்ணி ஆராய வரும் மாணவரிடம் இதைச் சொல்லும்போது, அவருடைய முகம் சற்று வாடுவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் மட்டும் வெளியாகும் செய்திக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தலைப்பு மாறும், பத்தி சேரும், திருத்தக் குறிப்பு எதுவுமின்றி ஒரு வாக்கியம் காணாமல் போகும், கடைசியில் பக்கமே இல்லாமல் போகும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023இல் கிடைக்கவில்லை என்றும், செய்திப் பக்கங்களில் 23 விழுக்காட்டில் உடைந்த இணைப்பு ஒன்றேனும் இருக்கிறது என்றும் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வேபேக் மெஷின் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது; எந்த அளவுக்கு என்பதில்தான் கவனம் வேண்டும்.

அனுபவத்தில் முதலில் தெளிவாகும் வேறுபாடு, முகப்புப் பக்கத்துக்கும் தனிச் செய்திப் பக்கத்துக்கும் இடையே உள்ளது. பெரிய செய்தித் தளம் ஒன்றின் முகப்புப் பக்கத்தை ஒரே நாளில் பலமுறை காப்பகத்தின் (இன்டர்நெட் ஆர்க்கைவின்) தானியங்கி நிரல்கள் படியெடுத்திருக்கும். வேபேக் மெஷின் காட்டும் நாட்காட்டியில் அந்தத் தேதியின் மேல் பெரிய வட்டம் தெரியும். சுட்டியை அதன்மேல் கொண்டு சென்றால் நேரங்களின் நீண்ட வரிசை விரியும். ஆகவே, ஒரு நாள் முழுவதும் ஒரு செய்தி முகப்பில் எப்படி ஏறி இறங்கியது என்பதை ஆராய்வதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதே செய்தியின் தனிப்பக்கமோ ஒருமுறை, இருமுறை மட்டுமே பதிவாகியிருக்கக்கூடும். முதல் பதிவே வெளியாகிப் பல வாரங்களுக்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். வெளியான முதல் ஒரு மணி நேரத்தில் கட்டுரைக்குள் நடந்த மாற்றங்களை ஆராயப் போகிறேன் என்று வரும் மாணவரிடம், ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் மாதிரிக்குச் சில பக்கங்களின் நாட்காட்டியைப் பார்த்துவிடும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நாட்காட்டியின் வண்ணங்களுக்கும் பொருள் உண்டு. நீலம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்தது. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சு என்றால் பக்கம் இல்லை என்பது போன்ற பிழை. சிவப்பு என்றால் தளத்தின் வழங்கியிலேயே (சர்வரிலேயே) கோளாறு. ஊடக ஆய்வாளருக்கு ஆரஞ்சும் பயனுள்ளதே. ஒரு செய்தி எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையே நீக்கப்பட்டது என்பதைக் கடைசி நீல வட்டமும் முதல் ஆரஞ்சு வட்டமும் சேர்ந்து சொல்லிவிடும்.

ஒவ்வொரு பதிவின் முகவரியிலும் 14 இலக்கங்கள் இருக்கும். 20240115093000 என்றிருந்தால், 2024 ஜனவரி 15ஆம் நாள் 9 மணி 30 நிமிடம் 00 நொடி என்று படிக்க வேண்டும். இது ஒருங்கிணைந்த சர்வதேச நேரமே தவிர, செய்தி வெளியான ஊரின் நேரம் அன்று. கிரீன்விச்சுக்கு வெகு கிழக்கே உள்ள நாட்டில் விடியற்காலையில் வெளியான செய்தி, இந்தக் கணக்கில் முந்தைய நாளுக்குப் போய்விடும். நேரத்தை மையமாகக் கொண்ட ஆய்வில் இது சிறிய விஷயம் அல்ல. அட்டவணையில் இரு நேரங்களுக்கும் தனித்தனி நெடுவரிசை வைக்கச் சொல்லி விடுகிறேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்ட நேரத்தில் பதிவு இல்லையென்றால் கருவி அப்படிச் சொல்லி நின்றுவிடாது. அதற்கு அருகிலுள்ள பதிவுக்கு நம்மைக் கொண்டு போய்விடும். அந்த 'அருகில்' சில நிமிடங்களாகவும் இருக்கலாம், சில மாதங்களாகவும் இருக்கலாம். பக்கம் திறந்தபின் முகவரியில் உள்ள இலக்கங்களை மறுபடி படிக்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

இனி, பயிற்சி வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவிடும் செய்திக்கு வருகிறேன். வேபேக் மெஷினில் தெரியும் பக்கம் ஒரே கணத்தில் எடுத்த நிழற்படம் அன்று. பக்கத்தின் மூலநிரல் ஒரு நேரத்தில் சேகரிக்கப்படுகிறது. அதிலுள்ள படங்கள், வடிவமைப்புக் கோப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் ஆகியவை வேறு நேரங்களில் சேகரிக்கப்பட்டிருக்கலாம். நாம் பார்க்கும்போதுதான் இவை ஒன்றுசேர்க்கப்படுகின்றன. ஆகவே, காலையில் வெளியான தலைப்புக்குக் கீழே மாலையில் மாற்றப்பட்ட படமோ, சில நாள் கழித்து வந்த விளம்பரமோ வந்து அமர்ந்துகொள்வது நடக்கக்கூடியதே. எந்த வாசகரும் எந்த நேரத்திலும் கண்டிராத ஒரு பக்கம், பார்ப்பதற்கு முற்றிலும் இயல்பாக, நம் திரையில் நிற்கும். வாசகத்தை மட்டும் மேற்கோள் காட்டுபவருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. செய்திக்கும் படத்துக்கும் உள்ள உறவை ஆராய்பவருக்கோ, ஒரு கலவரச் செய்தியோடு யாருடைய முகம் வைக்கப்பட்டது என்று எழுதப் போகிறவருக்கோ, இது ஆய்வின் அடிப்படையையே அசைக்கும்.

நல்லவேளையாக, இதைச் சோதிக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. பக்கத்தின் மேலுள்ள பட்டையின் ஓரத்தில் இந்தப் பதிவைப் பற்றிய விவரங்களைத் திறக்கும் பொத்தான் உண்டு. அதில் எந்தச் சேகரிப்புத் திட்டத்தின் கீழ் இது படியெடுக்கப்பட்டது என்பதும், பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பும் மூலநிரலிலிருந்து எவ்வளவு முன்போ பின்போ எடுக்கப்பட்டது என்பதும் பட்டியலாக வரும். பெரும்பாலான படங்கள் சில நொடி வித்தியாசத்தில் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் பல மாத வித்தியாசம் காட்டும். ஆய்வேட்டில் படத்தைப் பற்றி ஒரு வாக்கியமேனும் இருக்குமானால், இந்தப் பட்டியலையும் இணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் நூலகத்தின் பரிந்துரை. சற்றுத் துணிந்தவர்கள், முகவரியிலுள்ள 14 இலக்கங்களை அடுத்து ஐ, டி என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். காப்பகம் சேர்த்த பட்டையும் மாற்றியெழுதிய இணைப்புகளும் இல்லாமல், சேகரித்த மூலக்கோப்பு அப்படியே கிடைக்கும்.

இரு பதிவுகளை ஒப்பிடும் வசதியும் நன்றாகவே வேலை செய்கிறது. நீக்கப்பட்டவை மஞ்சளிலும் சேர்க்கப்பட்டவை நீலத்திலும் தெரியும். தலைப்பில் ஒரே வினைச்சொல் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் வரும் 'அதிகம் படிக்கப்பட்டவை' போன்ற பெட்டிகளின் மாற்றங்களும் வண்ணமடித்துக் கொண்டு நிற்பதால், கண் சோர்ந்துபோகும். நீண்ட கட்டுரைகளுக்கு வாசகத்தைத் தனியே எடுத்து வேறு ஒப்பீட்டு மென்பொருளில் போடுவதே எனக்கு வசதியாக இருக்கிறது.

பக்கத்தை நாமே உடனடியாகச் சேமிக்கும் வசதியைத்தான் மாணவர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு செய்தியையும் படித்த அன்றே சேமித்துவிட்டால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில் ஓடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கே பக்கத்தைப் பார்ப்பது நம் உலாவி அன்று, காப்பகத்தின் தானியங்கி. சந்தாதாரருக்கு மட்டும் திறக்கும் கட்டுரையின் முதல் பத்தியோடு அது திரும்பிவிடும். கீழே உருட்ட உருட்ட நீளும் பக்கங்கள், காணொளிகள், வாசகருக்கு ஏற்ப மாறும் பரிந்துரைகள் ஆகியவையும் அரைகுறையாகவே பதிவாகும். இவற்றுக்கு ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்னும் உலாவி நீட்சியைப் பரிந்துரைக்கிறேன். நம் உலாவி பெற்றதை அப்படியே கோப்பாக்கி நம் கணினியில் வைத்துத் தருகிறது. அடிக்குறிப்பில் நிலையான இணைப்பு மட்டும் வேண்டுமென்றால், ஹார்வர்டு சட்டப்பள்ளி நூலகம் 2013இல் தொடங்கிய பெர்மா சேவையும் ஒரு நல்ல வழி.

ஒரு பக்கம் காப்பகத்தில் இல்லை என்பதிலிருந்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பதிவுகள் பார்வையிலிருந்து விலக்கப்படும். ஒரு காலத்தில், தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில் (எவற்றைப் படியெடுக்கலாம் என்று தானியங்கிகளுக்குச் சொல்லும் கோப்பு) புதிதாக எழுதிய ஒரு தடைவரி, பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளையும் சேர்த்து மறைத்துவிடும். தளப்பெயர் கைமாறினால் புதிய உரிமையாளர் அறியாமலே பழைய இதழை மறைத்துவிட முடிந்தது. இந்த வழக்கத்திலிருந்து விலகுவதாகக் காப்பகம் 2017இல் அறிவித்தது. இப்போது தடை வேறு திசையிலிருந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் காப்பகத்தின் வழியாகத் தங்கள் உள்ளடக்கத்தை அள்ளிச் செல்கின்றன என்று கூறி, இணைய உரையாடல் தளமான ரெடிட் 2025 ஆகஸ்டில் காப்பகத்தின் தானியங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. வணிக நோக்கில் அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது; என்றாலும், இன்றைய பொது உரையாடலை நாளை ஆராய வருபவருக்கு ஏற்படும் இழப்பைப் பற்றி அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி இன்டர்நெட் ஆர்க்கைவ் முடங்கியது. சில நாட்களில் வேபேக் மெஷின் மீண்டபோதும், முதலில் பழைய பதிவுகளைப் பார்க்க மட்டுமே முடிந்தது. புதிய பக்கங்களைச் சேமிக்க முடியவில்லை. ஒரே அமைப்பின் தோளில் இவ்வளவு பாரமும் இருப்பதை அந்த நாட்கள் எல்லா நூலகங்களுக்கும் உணர்த்தின. அதன்பின் எங்கள் துறையில் ஆய்வேட்டுடன் மூன்று பொருட்களைச் சேர்த்துக் கேட்கிறோம்: வேபேக் முகவரி, முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் வார்க் வடிவக் கோப்பு. வார்க் என்பது இணையக் காப்பகங்களுக்கான ஐஎஸ்ஓ 28500 தரத்தில் அமைந்த வடிவம் என்பதால், எந்தக் கருவியில் சேமித்தாலும் பின்னர் வேறொன்றில் திறக்கலாம். அந்தக் கோப்புகள் நூலக வழங்கியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பதிப்புரிமைச் சிக்கல் தீரும்வரை அவற்றை நூலகத்துக்குள் உள்ள கணினிகளில் மட்டுமே திறக்க அனுமதித்திருக்கிறோம்.